புல்லவையும் பாடகியும்

அவைக்கண் சொல்லுவார்க்கு வேண்டுவனவற்றைத் திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்களில் வகுத்துரைத்தார். நல்லவையில் நன்கு சொல்ல வல்லவர் புல்லவையில் மறந்தும் வாய் திறவாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயின், புல்லவையிற் பாடியே உண்ண வேண்டியவர் என் செய்வார்?

மேனாட்டுப் பெருநகரங்களின் இராக் கேளிக்கை விடுதிகள் இவ்வினாவுக்கு இடமாவன. நாடகசாலைக்குச் செல்வோர் நாடகத்தின் பொருட்டே சீட்டு வாங்குவர். விடுதிக்கு வருவோரோ உண்ணவும் குடிக்கவும் நண்பரோடு அளவளாவவும் வருவர். பாட்டு அவற்றிற்குத் துணைப்பொருளே. கோப்பைகளின் ஒலியும் பரிசாரகரின் நடமாட்டமும் பாட்டினூடே கலக்கும். மது மிகுந்தபின் கூச்சலும் ஏளனமும் எழும். வருவாய் பெரிதும் மதுவினாலேயே ஆதலின், கூச்சலிடுவோரை அடக்க விடுதிக்காரர் எளிதில் முற்படார்.

1915-ஆம் ஆண்டில் பிறந்த பில்லி ஹாலிடே என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியார் இத்தகைய விடுதிகளிலேயே பாடிப் பழகியவர். நியூயார்க் நகரத்து ஹார்லம் பகுதியில் இளமையிலேயே பாடத் தொடங்கினார். அவர் குரல் சிறியது; ஆரவாரத்தை விஞ்சி ஒலிக்க வல்லதன்று. ஒலிவாங்கியின் துணைகொண்டு, அருகிருந்து உரையாடுவார்போலப் பாடுதலே அவர் முறை. 1938-இல் ஆர்ட்டி ஷா என்னும் வெள்ளையரின் இசைக்குழுவோடு ஊர்தோறும் சென்றார். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், அவையோருள் ஒருவன் அவர் இனத்தை இழித்துக் கூவினான். பாடகியார் பொறாது வெகுண்டார். அவரை மேடையினின்றும் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. வசையுரைத்தவன் ஒருவன், மேடையை விட்டு நீங்கியவரோ வசையேற்றவர். சினத்தினால் அவையை வெல்லுதல் அரிது என்பதற்கு இது சான்றாகும்.

அவ்வாண்டின் இறுதியில், முன்னர்க் காலணி வணிகராயிருந்த பார்னி ஜோசப்சன் என்பவர், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் ‘கபே சொசைட்டி’ என்னும் விடுதியைத் திறந்தார். அங்கு வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கே அமரலாம். அந்நாளில் அஃது அரியதொரு செயல். 1939-இல், ஏபெல் மீரோபோல் என்னும் பள்ளியாசிரியர் இயற்றிய ‘ஸ்டிரேஞ்ச் புரூட்’ என்ற பாட்டை ஹாலிடே அவ்விடுதியில் பாடலானார். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரை விசாரணையின்றிக் கும்பலாகக் கூடி மரத்தில் தூக்கிக் கொன்ற கொடுமையைக் கூறுவது அப்பாட்டு. அதனைக் கோப்பைகளின் ஒலிக்கிடையே பாடுதல் இறந்தோரை இகழ்தலாகும் அன்றோ?

ஆதலின் ஜோசப்சன் சில ஒழுங்குகளை வகுத்தார். அப்பாட்டு இறுதியிலேயே பாடப்படும். அதற்குமுன் பரிசாரகர் பரிமாறுதலை நிறுத்துவர். விளக்குகள் அணைக்கப்படும், பாடகியாரின் முகத்தின்மீது மட்டும் சிற்றொளி ஒன்று விழும். பாட்டு முடிந்தவுடன் அதுவும் அணையும். மீண்டும் விளக்கெரியுங்கால் மேடை வெறுமையாயிருக்கும். கைதட்டல் எத்துணை எழினும் அவர் திரும்பி வாரார்.

இவ்வொழுங்குகளின் பயனைச் சிறிது ஆராய்வோம். பிறர் காணவே கூச்சலிடுவோன், தன்னைக் காண்போரில்லாத இருளில் ஊக்கமிழப்பான். பரிமாறுதல் நிற்றலால், விடுதிக்காரர் தம் வருவாயையே சிறிது போழ்து துறந்தமை அவையோர்க்கு விளங்கும். தாழ்ந்த குரலைக் கேட்க விழைவோர் அயலிருப்போரைத் தாமே அடக்குவர். பாடகியார் திரும்பி வாராமையால், பாட்டின் பொருளினின்றும் நெஞ்சம் விலக இடமில்லை.

முதன்முறை பாடி முடித்தபோது கைதட்டலே எழவில்லை என்றும், பின்னர் ஒருவர் தயங்கித் தட்டத் தொடங்க, யாவரும் தட்டினர் என்றும், 1956-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஹாலிடே கூறியுள்ளார். அவர் பாடி வந்த கொலம்பியா நிறுவனம் அப்பாட்டைப் பதிய மறுத்தது. கமடோர் என்னும் சிறு நிறுவனமே 1939 ஏப்ரலில் அதனை இசைத்தட்டிற் பதிந்தது. 1959-இல் பாடகியார் மறைந்தார். 1999-இல் ‘டைம்’ இதழ் அப்பாட்டை நூற்றாண்டின் சிறந்த பாட்டாகத் தேர்ந்தது.

லூயிவில்லில் தனித்து நின்று தோற்றவர், கபே சொசைட்டியில் விடுதிக்காரரும் பரிசாரகரும் விளக்கணைப்போரும் உடன்நின்றமையால் வென்றார். எனவே, புல்லவை நல்லவையாதல் கூடும். ஆயின் அது மேடையேறியவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. அரங்கினை உடையோர்க்கும், வாளாவிருந்து கேட்கும் நமக்கும் அதிற் பங்குண்டு.