வாந்தி முதலில் வருவதில்லை

பழைய தமிழ்ப் படங்களில் அந்தக் காட்சிக்கு விளக்கமே தேவைப்படாது. நாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவாள். டாக்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாமியாரிடம் இனிப்பு கேட்பார். ஒரே காட்சியில் இரண்டு பிழைகள். நாடித் துடிப்பை வைத்துக் கர்ப்பத்தை உறுதி செய்ய முடியாது. வாந்தியும் முதல் அறிகுறி அன்று. நாள் தள்ளிப்போய் ஒன்றிரண்டு வாரம் கழிந்த பிறகுதான் பெரும்பாலோருக்கு மசக்கை ஆரம்பிக்கிறது.

அப்படியென்றால் அதற்கு முன்பே மார்பு கனக்கிறது, வயிறு உப்புகிறது, மத்தியானமே கண்ணைச் சொருகுகிறது என்கிறார்களே? அவையெல்லாம் உண்மைதான். ஆனால் குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் அவற்றை நம்பிக் கணக்குப் போட முடியாது. சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறியதும், அது இருந்த கூடு மஞ்சள் நிறத் திசுவாக மாறி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. கரு உண்டானாலும் உண்டாகாவிட்டாலும் மாதாமாதம் இது நடக்கும். குடலின் தசையைத் தளர்த்தி உப்புசத்தையும் மலச்சிக்கலையும் தருவது இந்த ஹார்மோன்தான். மார்பு வலியிலும் தூக்கக் கலக்கத்திலும் இதற்குப் பங்குண்டு. உடல் சூட்டைச் சுமார் அரை டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுவதும் இதுவே. ஆக, மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களில் கர்ப்பம் தரித்தவளின் உடம்பும் தரிக்காதவளின் உடம்பும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

அந்த இரண்டு வாரங்களின் தொடக்கத்தில் கரு எங்கே இருக்கிறது? கருக்குழாய் வழியாக மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. தாயின் ரத்தத்தோடு அதற்கு இன்னும் தொடர்பே ஏற்படவில்லை. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் பெண்களின் சிறுநீரை நாள்தோறும் பரிசோதித்து 1999-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிலைத்து நின்ற கர்ப்பங்களில் 84 சதவீதம், முட்டை வெளியேறிய 8 முதல் 10-ஆம் நாளுக்குள் கருப்பையில் பதிந்தன. பதிந்த பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. சினைப்பையில் உள்ள அந்த மஞ்சள் திசுவின் ஆயுள் சுமார் இரண்டு வாரம். அதை உதிரவிடாமல் காப்பதுதான் எச்.சி.ஜி.யின் முதல் வேலை. திசு பிழைத்தால் புரோஜெஸ்டிரோன் தொடர்கிறது, மாதவிடாய் வராமல் நிற்கிறது. ‘நாள் தள்ளிப்போச்சு’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

இந்த எச்.சி.ஜி. ஹார்மோனைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1920-களின் பிற்பகுதியில் பெர்லினில் ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் பெண்களின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, அவற்றை அறுத்துச் சினைப்பையைப் பார்த்தார்கள். பிறகு ஆப்பிரிக்கத் தவளை வந்தது. கர்ப்பிணியின் சிறுநீர் செலுத்தப்பட்டால் ஒரு நாளுக்குள் அது முட்டையிட்டுவிடும், உயிரும் பிழைக்கும். எலிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. விலங்குகள் இல்லாமல் நேரடியாக அளப்பதில் ஒரு சிக்கல் இருந்தது: எச்.சி.ஜி.யின் ஒரு பாதி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் முட்டையை வெளியேற்றும் ஹார்மோனிலும் அச்சு மாறாமல் இருக்கிறது. எனவே மற்ற பாதியை மட்டும் அடையாளம் காண வேண்டியிருந்தது. 1972-இல் ஜூடித் வைடுகைடிஸும் சகாக்களும் அதைச் சாதித்தார்கள். இன்று மருந்துக் கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு அந்த வழியில் வந்ததுதான். தொடக்கத்தில் எச்.சி.ஜி. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகும். அதனால் இன்று ஒரு கோடு மட்டும் தெரிந்தால், சில நாள் பொறுத்து, காலையில் போகும் முதல் சிறுநீரில் மறுபடியும் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. கருத்தரிப்பு மையத்தில் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த மருந்து உடலில் இருக்கும் வரை கார்டு அதையே காட்டி ஏமாற்றும்.

இனி மசக்கைக்கு வருவோம். குமட்டலுக்கும் எச்.சி.ஜி.தான் காரணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் மார்லினா ஃபெய்சோ, ஸ்டீபன் ஓராஹிலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஜி.டி.எஃப்.15 என்ற புரதத்தைச் சுட்டினார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் இதைப் பெருமளவில் தாயின் ரத்தத்துக்கு அனுப்புகின்றன. மூளையின் அடித்தண்டில் உள்ள ஏற்பி அதை உணர்ந்ததும் வயிறு புரட்டுகிறது. கர்ப்பத்துக்கு முன் இந்தப் புரதம் குறைவாக இருந்த பெண்களைத்தான் மசக்கை அதிகம் வாட்டுகிறது. பழகாத உடம்பு மிரள்கிறது, அவ்வளவே. பீட்டா தலசீமியா என்ற மரபு ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் எப்போதுமே மிகுதி. இலங்கையில் அத்தகைய பெண்களிடம் விசாரித்தபோது, அவர்களில் மிகச் சிலருக்கே மசக்கை இருந்தது தெரியவந்தது.

ஆனால் ஜி.டி.எஃப்.15 கருவுக்கு மட்டும் சொந்தமில்லை. தொற்றிலும், சிறுநீரகக் கோளாறிலும், புற்றுநோயிலும் அது ஏறுகிறது. மெட்ஃபார்மின் மாத்திரையும் அதை ஏற்றும். இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவது சகஜம். அதற்கு மருத்துவர்கள் பல நேரம் மெட்ஃபார்மின் எழுதித் தருகிறார்கள், அது குமட்டலைக் கொடுக்கும். நாளும் தள்ளி, வயிறும் புரட்டினால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்று சொல்லவே வேண்டாம். கார்டு போட்டுப் பார்க்காமல் எந்தப் பாட்டியாலும் அதைத் தீர்த்துவைக்க முடியாது.

மற்ற அறிகுறிகள் இவ்வளவு குழப்பாது. களைப்பும் மூச்சிரைப்பும் மாதக்கணக்காக இருந்தால் ரத்தசோகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிப்பது கர்ப்பத்திலும் உண்டு, ஆனால் எரிச்சல் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். தெர்மாமீட்டர் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் டெங்குவையோ வேறு காய்ச்சலையோ தேட வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகிச் சோற்றைக் கண்டாலே பிடிக்காமல் போனால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் கர்ப்பத்தோடு சேர்ந்தே வரலாம் என்பதால், ‘இது மசக்கைதான்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து.

அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. கார்டில் விழும் இரண்டு கோடுகள் அனுப்புநர் முகவரி இல்லாத தந்தி மாதிரி: கரு உண்டானதைச் சொல்லும், எங்கே என்று சொல்லாது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயிலேயே தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், அடிவயிறு மட்டுமல்ல, தோள்பட்டையும் வலிக்கும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து கிளம்புவதால் மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது. நம் வீடுகளில் அதற்கு ‘வாயு பிடிச்சிருக்கு’ என்று ஓமம் கொடுப்பார்கள். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலியோ, தோள் வலியோ, தலைசுற்றலோ, லேசான ரத்தப்போக்கோ இருந்தால் ஓமத்துக்கு நேரமில்லை. 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோக வேண்டும்.