"பொண்ணு ஸ்கூலுக்குப் போகலையா?"

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் என் மகளிடம், "எத்தனாவது படிக்கிறே கண்ணு?" என்று கேட்டார். "வீட்டிலேயே படிக்கிறேன் பாட்டி" என்றாள். உடனே அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "ஏஞ் சாமி, புள்ளைக்கு ஏதாச்சும் குறையா?" என்றாரே பார்க்கலாம்! அதுவும் அவள் காதில் விழும்படி. நான் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நாலு வருடமாக இதே பேச்சுதான். குறை இல்லை என்றால், "பணத் திமிர்" என்பார்கள். அதுவும் இல்லையென்றால், "சீக்கிரம் கட்டிக் கொடுக்கப் போறீங்களா?"

நடந்தது இதுதான். ஐந்தாம் வகுப்பில் தினமும் காலையில் அவளுக்கு வயிற்றுவலி. ஸ்கேன் வரை எடுத்தும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வராது! அப்புறம்தான் புரிந்தது. அவள் நிதானமாக வாசிப்பவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நடுங்குவாள், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். பள்ளியை மாற்றியும் பார்த்தோம். கடைசியில் என் கணவர்தான், "கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பார்க்கலாம்" என்றார்.

நாங்கள் பணக்காரர்கள் இல்லை. அவர் டூவீலர் மெக்கானிக். நான் படித்தது பத்தாவது, அதிலும் கணக்கில் 41 மார்க். "நீ என்னத்தைச் சொல்லிக் குடுப்பே?" என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பழைய சமச்சீர் புத்தகங்களை வைத்துக்கொண்டு, நானும் அவளோடு உட்கார்ந்து படித்தேன். ஜாக்கெட் துணியை அரை, கால் என்று வெட்டும்போதுதான் எனக்கே பின்னக் கணக்கு பிடிபட்டது. இப்போது கணக்குக்கு, ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் போகிறாள். சண்டை, அழுகை இல்லாத வாரம் கிடையாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"பழக ஆள் இருக்காதே?" என்பார்கள். சாயந்திரம் தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு, சனிக்கிழமை சிலம்பம், நூலகம். அப்பாவின் பட்டறைக் கணக்கு நோட்டு இப்போது அவள் கையில்தான்.

"சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வீங்க?" மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989-லிருந்தே இருக்கிறது. 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். 5 பாடம், வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை, தமிழிலும் எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. இந்த வருடம் இவள் பதிந்திருக்கிறாள்.

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் சின்னவன் அரசுப் பள்ளிக்குத்தான் துள்ளிக் குதித்துப் போகிறான். அவனுக்கு அது பிடித்திருக்கிறது. இவளும் நாளைக்கே, "ப்ளஸ் ஒன் ஸ்கூலில் படிக்கிறேம்மா" என்றால் சந்தோஷமாகச் சேர்த்துவிடுவோம். ஒரே வயிற்றில் பிறந்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

சகோதரிகளே, வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்த்தால், "என்ன குறை?" என்று கேட்காதீர்கள். "இப்ப என்ன படிக்கிறே?" என்று கேளுங்கள். ஆசையாகப் பதில் சொல்லும்.

அன்று கல்யாணத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் மகள் கேட்டாள்: "எனக்குக் குறை எதுவும் இல்லைன்னு நீ ஏம்மா சொல்லலே?"

அன்று பந்தியில் சொல்லத் தவறியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இது அச்சில் வந்தால், முதலில் அவள் கையில்தான் கொடுப்பேன். நிதானமாகவே வாசிக்கட்டும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.