கொக்குப் பாட்டு

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா வந்துவிட்டால் ‘வள்ளி திருமணம்’ நாடகம் வைப்பது இன்றும் அற்றுப்போகாத வழக்கம். வள்ளி பரண்மீது நின்று தினைப்புனம் காக்கிறாள். கதிர் கொத்த வரும் பறவைகளை ஆலோலம் பாடி ஓட்டுகிறாள். குழந்தைக்கும் தெரிந்த இந்தக் கதைக்குள்தான் ஒரு காலத்தில் ராஜத்துரோகம் புகுந்தது. திருமங்கலத்தில் வாழ்ந்த நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேஷத்தில், அதுவும் கதர் உடுத்தி, மேடைக்கு வருவார். புனத்துப் பறவைகளோடு பறவையாக ஒரு வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்தக் கொக்கு என்று ஜனங்களுக்கு எவரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை. போலீஸாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவர் கைதானது 29 முறை என்று அவர் சரித்திரம் எழுதியோர் கணக்கிடுகின்றனர்.

இத்தகைய மனிதர் எதற்காகப் பாடினார் என்பதே நாம் இங்கே ஆராய விரும்புவது. வயிற்றுக்காக என்று சொல்ல வழியில்லை. குரல் வளமுள்ள ராஜபார்ட் நடிகருக்குக் காதல் பாட்டும் பக்திப் பாட்டுமே போதும், ஊரூராக அழைப்பார்கள். சிறைக்குப் போனாலோ ஒப்புக்கொண்ட நாடகங்கள் போய்விடும், கடன் ஏறும். விசுவநாததாஸ் கடனோடுதான் கடைசிவரை வாழ்ந்தார்.

தேச சேவைக்காக என்று நம்மவர் உடனே விடை கூறுவர். மெய்தான், ஆனால் தேச சேவைக்குப் பிரசங்க மேடை இருந்தது, பத்திரிகை இருந்தது. அவற்றை விட்டுப் பாட்டை ஏன் பிடிக்க வேண்டும்? 1931-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. பத்திராதிபர் கண் விழித்து எழுதிய தலையங்கம் பட்டணத்துக் கச்சேரி வாசலில் நின்றுபோயிற்று. (எங்கள் தொழிலைக் குறைத்துச் சொல்வதாக எவரும் கருத வேண்டாம், உள்ளதைச் சொல்கிறோம்.) இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகத்திலோ உழவனும் அவன் மனைவியும் மண்ணில் குந்திக் கேட்டார்கள். கேட்ட பாட்டு மறுநாள் நாற்று நடுமிடத்தில் திரும்ப எழும். அச்சிட்ட புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம். வாயில் ஏறிய பாட்டை எந்தத் தாசில்தார் பறிமுதல் செய்ய முடியும்?

இன்னொரு வசதியும் அந்த மேடைக்கு இருந்தது. ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்ற இம்முறையில் நடிகர்கள் ஒரு கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவர் ஓர் ஊர், மற்றவர் வேறோர் ஊர். ஒத்திகையின்றி மேடையிலேயே சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோர் இயற்றி வைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடம். அதற்குமேல் தர்க்கமும் புதுப் பாட்டும் அவரவர் சாமர்த்தியம். 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் ஆட்சேபகரமான நாடகத்தைத் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தச் சட்டம் சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியதே 2018-ல்தான்! ஆனால் அன்றிரவுதான் பிறக்கப்போகும் பாட்டின் பிரதியை முன்கூட்டிக் கேட்பது எப்படி? பாடி முடித்த பின் பாடினவரைப் பிடிப்பதொன்றே வழி. ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் பிணையாக நின்றது பாடகரின் உடம்பு. எழுதி ஒளித்துவைக்கும் கவிக்கும், எழுந்து நின்று பாடும் கவிக்கும் உள்ள பேதம் இது.

எழுதினவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952). விசுவநாததாஸ் முதலான பலர் அவர் பாட்டுகளைப் பாடினர். காந்தியடிகளைப் பற்றி அவர் இயற்றிய பாட்டை கே. பி. சுந்தராம்பாள் கிராமபோன் தட்டில் பாடினார். 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்திற்கும் அவரே பாட்டெழுதினார். உஜ்ஜயினி மகாகவியின் கதையில் காந்தியின் கைராட்டைக்கு என்ன வேலை என்று கேட்பவர் கேட்கட்டும்; அதைப் பற்றிய பாட்டும் அப்படத்தில் உண்டு. பாடினவர் பெயரை ஜனங்கள் அறிவர். எழுதினவர் பெயரைப் பலர் அறியார். புகழுக்காக எழுதினார் என்பதும் இங்கே அடிபட்டுப் போகிறது.

விசுவநாததாஸுக்கு மற்றொரு வழக்கும் இருந்தது. அதற்கு நியாயஸ்தலம் கிடையாது. அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். தேச பக்திப் பாட்டைக் கைதட்டிக் கேட்ட இதே நாட்டில், அவருடன் ஜோடி சேர்ந்து நடிக்கச் சில நடிகைகள் மறுத்தனர். முருகனாக வேஷமிட்டால் கும்பிடுவோம், வேஷம் கலைந்தால் ஜாதி கேட்போம் என்பது நமது தர்மமாயிருந்தது. மதுரையின் கே. பி. ஜானகி அம்மாள் அவருடன் துணிந்து நடித்தார். 1967-ல் சட்டசபைக்கும் சென்றார். வெள்ளைக்காரனை ஓட்டும் பாட்டைப் பாடிய வாய்க்குச் சொந்த ஜனங்களிடம் சமமாய் நிற்கும் உரிமையையும் பாட்டே பெற்றுத் தரவேண்டியிருந்தது. மேடையில் பாடிக்கொண்டிருக்கும்வரை அவரைக் கீழே இறங்கு என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அவர் பாடியதற்கு இதுவும் ஒரு காரணமென்று நாம் ஊகிக்கிறோம்.

பாடுவதில் உள்ள இன்பத்தையும் நாம் மறைக்கக் கூடாது. தியாகிகளை மரப்பாவைகளாக்கி வணங்குவது நம்மவர் பழக்கம். ஆர்மோனியம் சுருதி கொடுக்க, ஆயிரம் பேர் மூச்சடக்கிக் காத்திருக்க, அடுத்த அடியை எடுக்கும் அந்த ருசிக்காகவும் ஒரு கலைஞர் சிறைக்குப் போகலாம்.

1940-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி இரவு சென்னையில் ‘வள்ளி திருமணம்’. முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. அவருக்கு அப்போது வயது 54. ஒத்திகையில்லாத நாடகமாதலால், பாட்டு நின்றதும் சபையோர் அடுத்த அடிக்காகச் சிறிது நேரம் காத்திருந்திருப்பார்கள்.