கடுகளவு மருந்து, மலையளவு வேலை!

துப்பாக்கி தோட்டாவைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

அமெரிக்காவில் இது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வருவார்கள். அதைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டு வருவார்கள். மருந்தை நிறுத்துப் போடுவார்கள். மேலே குண்டைச் செருகுவார்கள். தோட்டா தயார்!

காசு மிச்சம் என்பது ஒரு காரணம். தன் துப்பாக்கிக்குப் பொருத்தமாகத் தோட்டா அமைந்தால் குறி நன்றாக விழும் என்பது இன்னொரு காரணம். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

இந்த வேலையில் மிகச் சிறிய பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் "பிரைமர்". தோட்டாவின் அடிப்பக்கத்தில் நடுவே வட்டமாகத் தெரியுமே, அதுதான். சிறிய ரகத்தின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர் கூட இல்லை.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் சுருள் கேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டினால் வெடிக்கிறது அல்லவா? பிரைமரும் அப்படித்தான். குட்டி உலோகக் கிண்ணத்துக்குள் துளி மருந்து. துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தைக் குத்தும். மருந்து நசுங்கிப் பொறி பறக்கும். அந்தப் பொறி கூட்டுக்குள் இருக்கும் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். குண்டு பாயும்.

பாதிரியாரின் யோசனை

தட்டி வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டு வந்தவர் ஒரு பாதிரியார்!

ஸ்காட்லாந்து நாட்டில் பெல்ஹெல்வி என்ற ஊரில் போதகராக இருந்தவர் அலெக்சாந்தர் ஃபோர்சைத். பறவை வேட்டையில் பிரியம் உள்ளவர். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உரசித்தான் நெருப்பு உண்டாகும். வெளியே "பளிச்" என்று நெருப்பு தெரிந்த பிறகுதான் குண்டு கிளம்பும். அதற்குள் நீர்ப்பறவைகள் தப்பிவிடும்.

பாதிரியார் யோசித்தார். தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு புது விசை ஒன்றைச் செய்தார். 1807-ஆம் ஆண்டு அதற்கு உரிமையும் பெற்றார். அந்த விசை பார்ப்பதற்கு வாசனைப் புட்டி போல இருந்ததால், அந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

பிறகு செம்புத் தொப்பி வந்தது. தொப்பி தோட்டாவுக்குள்ளேயே குடியேறியது. 1866-ஆம் ஆண்டு இரண்டு பேர் இரண்டு விதமான பிரைமருக்கு உரிமை பெற்றார்கள். ஒருவர் அமெரிக்கர் பெர்டன். மற்றவர் ஆங்கிலேயர் பாக்ஸர். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் செய்தது அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கர் செய்தது ஐரோப்பாவில் பரவியது!

பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஓட்டை. அதன் வழியாக ஊசியை விட்டுப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். வீட்டில் தோட்டா செய்பவர்களுக்கு இது பெரிய வசதி.

எது பொருந்தும்?

இனிதான் சங்கதி இருக்கிறது.

சிறிய ரக பிரைமரில் கைத்துப்பாக்கிக்கு ஒன்று, ரைபிளுக்கு ஒன்று என்று உண்டு. இரண்டும் ஒரே அகலம், ஒரே உயரம். ஒன்றின் இடத்தில் மற்றது அழகாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று எண்ணக் கூடாது!

கைத்துப்பாக்கி பிரைமரின் கிண்ணம் மெல்லியது. ரைபிளின் அழுத்தமோ பயங்கரமானது. "223 ரெமிங்டன்" என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டு 5.7 மில்லிமீட்டர்தான். ஆனால் உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை போகலாம். கார் சக்கரத்தில் இருப்பது சுமார் 30 பவுண்டு! மெல்லிய கிண்ணம் ஓட்டையாகிவிட்டால், கொதிக்கும் புகை பின்பக்கம் பீறிடும். சுடுபவரின் முகம் அங்கேதான் இருக்கிறது.

ரைபிள் பிரைமரிலும் எல்லாம் ஒன்றல்ல. ரெமிங்டன் கம்பெனி 6½ என்றும் 7½ என்றும் இரண்டு எண்களில் சிறிய ரைபிள் பிரைமர் செய்கிறது. 6½ மெல்லியது. "22 ஹார்னெட்" போன்ற சாதுவான தோட்டாக்களுக்கு உரியது. 223-க்கு 7½ வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கியில் ஊசியை வில் எதுவும் பிடித்து வைத்திருக்காது. அடுத்த தோட்டா உள்ளே பாயும்போது ஊசி முன்னால் ஓடிப் பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் மென்மையாக இருந்தாலோ, வெளியே துருத்திக்கொண்டிருந்தாலோ, விசையைத் தொடாமலே "டுமீல்"! அதனால் அத்தகைய துப்பாக்கிக்குக் கெட்டியான கிண்ணம்தான் நல்லது. பிரைமரை ஒரு காகிதத்தின் கனம் அளவுக்காவது உள்ளே தள்ளி அமர்த்துவார்கள். பிறகு விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

"மாக்னம்" என்று ஒரு ரகம். இதன் பொறிக்கு வேகம் அதிகம். கடுங்குளிரிலும், எளிதில் பற்றாத உருண்டை மருந்துக்கும் உதவும். ஆனால் சாதாரண பிரைமருக்குப் பதில் இதைப் போட்டால், அதே மருந்துக்கு அழுத்தம் ஏறிவிடலாம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் கம்பெனி வெளியிடும் அளவுப் புத்தகத்தில் எந்தப் பிரைமர் சொல்லியிருக்கிறதோ அதையே வாங்குகிறார்கள். மாற்ற நேர்ந்தால் மருந்தைக் குறைத்து, அடியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பிரைமருக்குப் பெரும் பஞ்சம் வந்தது. ஆயிரம் பிரைமர் 30, 40 டாலர் விற்றது போய் 100 டாலரைத் தாண்டியது. கிடைத்ததை வாங்கிப் போடலாமா என்ற சபலம் பலருக்கு வந்தது. அப்போதுதான் இந்த எண்களின் அருமை தெரிந்தது!

பெட்டியை மாற்றாதே!

பழைய பிரைமர் மருந்தில் உப்பைப் போன்ற ஒரு கசடு மிஞ்சும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் குழாயைத் துருப்பிடிக்க வைத்துவிடும். இப்போது பெரும்பாலும் ஈயம் கலந்த மருந்து வருகிறது. துருத் தொல்லை நீங்கியது. ஈயத் தொல்லை வந்தது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த மேசையில் சாப்பாடு கூடாது. குழந்தைகளை அண்டவிடக் கூடாது.

பிரைமர் வரும் பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. இத்தனை சின்னப் பொருளுக்கு இத்தனை பெரிய பெட்டியா என்று தோன்றும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளது வெடிக்காமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. இடத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிச் சீசாவில் கொட்டி வைத்தால், அது பிரைமர் சீசா அல்ல, வெடிகுண்டு!