பெரிய மாதிரி விமானத்துக்கு எந்த எஞ்சின்? தோட்டத்துப் புல்வெட்டும் மெஷின் சொல்லும் பாடம்

பிறை - நடிகர் அஜித்குமார் பந்தயக் கார் ஓட்டுவது நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களிலும் அவருக்கு நெடுநாள் ஆர்வம் உண்டு. அந்த ஆர்வம்தான் 2018இல் அவரைச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு ஆலோசகராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த அதே வளாகம்.

அதற்குப் பிறகு இங்கே பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து இளைஞர்களோடு பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பெரிய பிளேனுக்கு எத்தனை சிசி எஞ்சின் வாங்கலாம்?" குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், நல்ல 55 சிசி எஞ்சின் ஒன்று அந்தச் சம்பளத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். தப்பாக வாங்கினால் பணத்தோடு விமானமும் போகும். அதனால்தான் விவரமாக எழுத வேண்டியதாயிற்று. தமிழியல் படித்தவன் எஞ்சினைப் பற்றி எழுதுவதா என்று கேட்காதீர்கள். பாகன் இல்லாமல் வானில் செல்லும் ஊர்தியைப் புறநானூறே பேசியிருக்கிறது. அதற்கு எத்தனை சிசி என்றுதான் உரையாசிரியர்கள் யாரும் சொல்லவில்லை.

முதலில் எது 'பெரிய' விமானம்? ஒற்றை இறக்கை விமானம் என்றால் இறக்கையின் முழு நீளம் 80 அங்குலம், அதாவது சுமார் 2 மீட்டர் இருக்க வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு இறக்கை கொண்டதற்கு 60 அங்குலம் போதும். இந்தப் பொழுதுபோக்கில் உலகெங்கும் பழக்கத்தில் உள்ள அளவு இது.

ஆனால் இறக்கை நீளத்தை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்கினால் ஏமாந்து போவோம். பழைய மஞ்சள் நிற பைப்பர் கப் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கில் ஒரு பங்கு மாதிரிக்கு இறக்கையே 2.7 மீட்டர் வரும். அவ்வளவு பெரிய உருவத்துக்கு 20 முதல் 30 சிசி எஞ்சின் தாராளம். அகலமான இறக்கை காற்றிலேயே மிதக்கும். எஞ்சின் லேசாக இழுத்தால் போதும். இன்னொரு பக்கம், சாகசம் செய்வதற்கென்றே வடிவமைத்த எக்ஸ்ட்ரா 300 மாதிரி. இறக்கை 2.2 மீட்டர்தான், எடை எட்டு கிலோவை ஒட்டி. மூக்கு வானத்தைப் பார்க்க, அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும் என்றால் அதற்கு 50 முதல் 60 சிசி தேவை. சிறிய விமானத்துக்குப் பெரிய எஞ்சின், பெரிய விமானத்துக்குச் சிறிய எஞ்சின்!

ஆகவே, கடைக்காரரிடம் கேட்கும் முன் நம்மை நாமே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எரிபொருள் நிரப்பிய நிலையில் என் விமானம் எத்தனை கிலோ? அதை எப்படிப் பறக்கவிடப் போகிறேன்? சாகச வகைக்குத் தோராயமான கணக்கு இது: ஐந்து கிலோவுக்கு 20 சிசி, ஆறு ஏழு கிலோவுக்கு 30 முதல் 35 சிசி, எட்டு கிலோவுக்கு 55 சிசி, பன்னிரண்டு கிலோவைத் தொட்டால் 100 சிசிக்கு மேல். சாதுவாக வட்டமடிக்கும் விமானத்துக்கு இதில் பாதி போதும். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், "எதுக்கும் இருக்கட்டும்" என்று 30 சிசிக்கு வடிவமைத்த விமானத்தில் 55 சிசியை மாட்டினார். மூக்கு கனத்துவிட்டது. அதைச் சரிக்கட்ட வாலில் ஈயம் வைத்தார். எடை கூடியதால் தரையிறங்கும் வேகமும் கூடியது. மூன்றாவது தடவை இறங்கும்போது சக்கரக் கால் பிய்ந்து இறக்கையைக் கிழித்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது, எந்த வகை எஞ்சின்? மூன்று வழி உண்டு. மெத்தனாலில் ஓடும் 'குளோ' எஞ்சின் சிறிய விமானங்களுக்குச் சரி. பெரியதற்கு அந்த எரிபொருள் வாங்கியே பர்ஸ் காலியாகிவிடும். மின்மோட்டார் சத்தமில்லாதது, கையில் எண்ணெய் ஒட்டாது. ஆனால் 50 சிசிக்கு ஈடான மோட்டாருக்குப் பன்னிரண்டு செல் பேட்டரி வேண்டும். அதுவும் சாகசம் காட்டினால் ஆறு எட்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாள் முழுக்கப் பறக்கவிட நாலைந்து ஜோடி பேட்டரி வாங்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் உள்ளதைப்போல் சுமார் அறுபது மடங்கு. சிறிய எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்தாலும் மிச்சமே பேட்டரியை ஜெயித்துவிடும். பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் தயாரித்துப் பறக்கும் கலப்பு வகை டிரோனில் தக்‌ஷா குழு இறங்கியதற்கும் இந்தக் கணக்குதான் அடிப்படை.

மூன்றாவது வழி பெட்ரோல் எஞ்சின். இங்கேதான் நம் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்திலோ சாலையோரத்திலோ புல் வெட்டும் மெஷின் பிடித்தவர் யாரையாவது கேளுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலோடு கலக்கும் 2டி எண்ணெய், கரி பிடித்த பிளக், காலையில் சோக் இழுத்துக் கிளப்புவது எல்லாம் அவருக்கு அத்துபடி. பெரிய மாதிரி விமானங்களின் பெட்ரோல் எஞ்சின் அதே வம்சம்தான். மரம் அறுக்கும் செயின்சா எஞ்சின்களைக் கழற்றி விமானத்தில் மாட்டிப் பார்த்த பொழுதுபோக்குக்காரர்களிடமிருந்தே இது வளர்ந்தது. புல்வெட்டும் மெஷினும் செயின்சாவும் செய்த ஜப்பானின் செனோவா நிறுவனம் மாதிரி விமானங்களுக்கும் எஞ்சின் விற்றது. செயின்சாவைப் படுக்க வைத்தும் சாய்த்தும் அறுக்க வேண்டும் என்பதால், எப்படிக் கவிழ்த்தாலும் எரிபொருளை விடாமல் இழுக்கும் சவ்வு வைத்த கார்புரேட்டர் அதில் உண்டு. விமானம் தலைகீழாகப் பறக்கும்போதும் எஞ்சின் நிற்காமல் இருப்பது அந்தச் சவ்வின் புண்ணியம்.

என் தாய்மாமா பல வருடம் தோட்டத்தில் புல் வெட்டியவர். ஒரு தடவை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். பையன்கள் புது எஞ்சின் ஒன்றை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தள்ளி நின்று கேட்டார். "என்னடா இப்படி அலறுது, எண்ணெய் பத்தல. பெரிய ஊசியக் கொஞ்சம் தொறந்து விடு, இல்லன்னா பிஸ்டன் கடிச்சிக்கும்" என்றார். திறந்துவிட்டார்கள், சத்தம் இறங்கியது. கார்புரேட்டரில் 'எச்', 'எல்' என்று இரண்டு ஊசித் திருகுகள் இருக்கும். முதலாவது அதிவேகத்துக்கு, மற்றது குறைந்த வேகத்துக்கு. எரிபொருள் குறைவாகப் போனால் எஞ்சின் கொஞ்ச நேரம் பிரமாதமாகச் சீறும், அப்புறம் சூடேறி இறுகிவிடும். முதல் சில லிட்டர் ஓடி எஞ்சின் பழகும்வரை ஊசியைச் சற்று அதிகமாகவே திறந்து வைப்பது நல்லது. எண்ணெய்க் கலவையை அந்தந்த எஞ்சின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்; 30 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது பரவலான அளவு.

சரி, அப்படியென்றால் வீட்டில் கிடக்கும் பழைய மெஷினைப் பிரித்தே மாட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அதன் கனத்த சுழல்சக்கரம் இல்லாமல் பொறி வராது, அதோடு மாட்டினால் மூக்கு கனக்கும். விமான எஞ்சினில் அந்தச் சக்கரத்தை எடுத்துவிட்டு, தனிப் பேட்டரியில் இயங்கும் மின்னணுப் பற்றவைப்பு வைத்திருக்கிறார்கள். தவிர, விசிறி மாட்டும் அச்சு மயிரிழை கோணினாலும் ஆபத்து. 55 சிசி எஞ்சினுக்குப் பொதுவாக 22 அங்குல விசிறி. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் அதன் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல் போகும். விரல் போவது கண்ணுக்கே தெரியாது. கிளப்பும்போது ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கையில் தடித்த உறை வேண்டும், விசிறிக்கு நேரேயும் பக்கவாட்டிலும் யாரும் நிற்கக்கூடாது.

எஞ்சினோடு சேர்த்து வாங்கியே ஆக வேண்டிய ஒரு பொருள், ரிமோட்டிலிருந்தே பற்றவைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். கட்டுப்பாடு போய்விட்டால் எட்டு கிலோ விமானத்தை நிறுத்த அதுதான் கடைசி வழி. அதில் நாற்பது ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்க நினைப்பதை நான் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன், அதைவிட மோசமான சொல் இருக்கிறது. பற்றவைப்புப் பெட்டியையும் ரிமோட் சிக்னல் வாங்கும் ரிசீவரையும் ஓரடி தள்ளி வையுங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் நன்றாக அதிரும். அதைத் தாங்கும் முன்பலகை தடித்த பிளைவுட்டாக இருக்கட்டும், திருகுகளுக்குப் பூட்டுப் பசை போடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் குதிரைத்திறன் இங்கே முழுசாகக் கிடைக்காது. 15 டிகிரியில் இருப்பதைவிட 33 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறைவு. எஞ்சினுக்கு மூச்சும் குறைவு, இறக்கைக்குப் பிடிமானமும் குறைவு. குளிர்விக்கும் காற்று உள்ளே வரும் துவாரத்தைவிட வெளியேறும் துவாரம் இரண்டு மடங்காவது பெரிதாக இருந்தால்தான் சூடு தங்காது. முன்பக்கம் பெரிய ஓட்டை போட்டுவிட்டுப் பின்பக்கத்தை அடைத்து வைப்பவர்கள்தான் அதிகம்.

எங்கே பறக்கவிடுவது என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பிறைக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம், கடலுக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிகளின்படி, விமானத் தளங்களைச் சூழ்ந்த வான்பகுதியிலும் 400 அடிக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. 20 கிலோவைத் தாண்டும் விமானத்துக்கு விதிகள் இன்னும் இறுக்கம். எனவே வீட்டுப் பக்கத்துத் திடல் சரிப்படாது. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இடத்தைச் சொல்லி விசாரித்துக்கொண்டு, தெற்கே நிபோங் திபால் பக்கம் போகலாம். ஆனால் சுற்றிலும் செம்பனை நிற்கும் இடம் என்றால், எஞ்சின் நின்றுவிட்டால் இறக்குவதற்கு எந்தப் பக்கம் வெட்டவெளி என்று முதலில் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.