இழுத்துச் செல்லப்படும் வாகனமும் இழுபடும் நீதியும்

நடுவீதியில் வாகனம் பழுதடைந்து நின்றுவிட்டால், அதனைக் கராஜ் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவரே அவ்வேளையில் எமக்கு ஆபத்பாந்தவராகத் தோன்றுவார். பின்னால் வரும் பஸ் சாரதியின் ஹோர்ன் சத்தமும், போக்குவரத்துப் பொலிஸாரின் அவசரமும், சில வேளைகளில் மழையும் சேர்ந்துகொள்ள, வந்தவர் யார், எவ்வாறான லொறியுடன் வந்திருக்கிறார், வாகனத்தை எந்த இடத்தில் கொளுவுகிறார் என்றெல்லாம் கவனிக்க எவருக்கும் பொறுமை இருப்பதில்லை. ஆனால், வீதியில் ஏற்பட்ட பழுதை விட இழுத்துச் செல்லும்போது ஏற்படும் சேதமே பெரிதாகிவிடுகின்ற சந்தர்ப்பங்கள் உண்டு. வாகனம் பழையதாயின் அந்த ஆபத்து இரட்டிப்பாகின்றது எனலாம்.

எமக்கும் அந்த அனுபவம் நேர்ந்தது. எமது தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் கார், ஒரு மாலைப்பொழுதில் வெள்ளவத்தை காலி வீதியில் கிளட்ச் பழுதடைந்து நின்றுவிட்டது. மருதானையிலுள்ள கராஜுக்கு அதனைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. தொலைபேசியில் பேசியவர் காரை முழுமையாக ஏற்றிச் செல்லும் கெரியர் வருவதாகக் கூறினார். வந்ததோ முன்பக்கத்தைத் தூக்கி, பின்சில்லுகளை வீதியில் உருள விட்டு இழுக்கும் பழைய பிரேக் டவுன் லொறி. பம்பரில் சங்கிலியைச் சுற்றினார்கள். மழையில் நனைந்தபடி நீட்டப்பட்ட பற்றுச்சீட்டில் கையொப்பமிட்டோம். மறுநாள் காலையில் பார்த்தபோது பம்பர் வளைந்து, அதன் பின்னாலிருந்த தகடு கிழிந்திருந்தது. கிளட்சைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தபோது கியர் பொக்ஸிலிருந்து அதுவரை கேட்டிராத இரைச்சல் எழுந்தது. உரியவர்களிடம் முறையிட்டபோது கிடைத்த பதில் ஒற்றை வரிதான்: “பழைய கார்தானே ஐயா!”

இந்த ஒற்றை வரியே எம்மை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பழைய கார் என்பதனால் அதற்கு நேரும் சேதம் சேதமாகாதா? இக்கேள்விக்குத் தொழில்நுட்பமும் சட்டமும் என்ன விடை கூறுகின்றன என்பதை வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது பயனுடையதாகும்.

முதலில், பழைய கார் என்பது எமது நாட்டில் வெறும் பழைய இரும்பு அல்ல என்பதைக் கூறியாக வேண்டும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் பிரித்தானியாவில் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்திற்கும் அதிகமாக உற்பத்தி செய்யப்பட்டது. இலங்கையின் நடுத்தர வர்க்கக் குடும்பங்களின் முதலாவது கார் பெரும்பாலும் அதுவாகவோ ஒஸ்டின் வகைகளில் ஒன்றாகவோதான் இருந்தது. 1957 இல் இலக்கத் தகடுகளில் ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டபோது தமிழரசுக் கட்சி நடத்திய எதிர்ப்பு இயக்கத்தை மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகட்டுடன் இன்னமும் ஓடும் கார்கள் அந்த வரலாற்றையும் சுமந்தே ஓடுகின்றன. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளர்களையும் மணமக்களையும் ஏற்றி இறக்கியவை ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களே. உலகின் ஏனைய பகுதிகளில் நூதனசாலைக்குச் சென்றுவிட்ட இவ்வாகனங்களை இங்கு உயிருடன் வைத்திருப்பதில் மருதானையை அடுத்துள்ள பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாக வியாபாரிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பெரும் பங்குண்டு.

பொருளாதாரக் காரணமும் இருக்கின்றது. 2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களின் விலை எவ்வாறு ஏறியது என்பது யாவரும் அறிந்ததே. எனவே, பழைய கார் ஒன்றைச் சேதப்படுத்துவது பெறுமதியற்ற ஒரு பொருளைச் சேதப்படுத்துவதாகாது.

இனி, இழுத்துச் செல்லும்போது சேதம் எவ்வாறு ஏற்படுகின்றது எனப் பார்ப்போம். வாகன மீட்புக்கென பாரந்தூக்கி பொருத்திய லொறியை 1916 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் அமெரிக்காவின் சட்டனூகா நகரைச் சேர்ந்த ஏர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ் உரிமையாளராவார். ஓடைக்குள் விழுந்த காரொன்றைக் கயிறும் கட்டைகளும் கொண்டு பல மணிநேரம் போராடி வெளியே எடுத்த அனுபவமே அவரை அதற்குத் தூண்டியது. அந்நாளைய வாகனங்கள் கனமான இரும்புச் செசியின் மீது அமைந்தவை. எங்கு கொளுவினாலும் தாங்கக்கூடியவை. மொறிஸ் மைனர் அப்படியல்ல. அதற்குத் தனியான செசி இல்லை. உடற்பகுதியே முழுப் பாரத்தையும் தாங்குகின்றது. கடற்காற்றும் ஈரலிப்பும் நிறைந்த கொழும்பில் அந்தத் தகடுகளின் உட்பகுதி துருப்பிடித்து மெலிந்திருக்கும். வெளியே பளபளக்கும் பம்பர் காரின் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் சங்கிலியைச் சுற்றித் தூக்கினால் முதலில் பம்பர் வளையும். பின்னர் அது பொருத்தப்பட்டுள்ள இடம் கிழியும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இதைவிடக் கொடியது. மொறிஸ் மைனர் போன்ற கார்களில் இயந்திரத்தின் சக்தி பின்சில்லுகளுக்கே செல்கின்றது. முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும்போது, உருளும் பின்சில்லுகள் நீண்ட சுழல்தண்டின் ஊடாகக் கியர் பொக்ஸின் ஒரு பகுதியைச் சுழற்றிக்கொண்டே வரும். இயந்திரம் ஓடும்போது உள்ளேயுள்ள கீழ்த்தண்டின் பற்சக்கரங்கள் எண்ணெயை வாரி இறைத்து ஏனைய பாகங்களை நனைக்கின்றன. இயந்திரம் நின்றிருக்கும்போது, கியர் நடுநிலையில் இருந்தாலும், அந்தக் கீழ்த்தண்டு சுழல்வதில்லை. விளைவாக, எண்ணெய் கிடைக்காமலே பெயாரிங்குகள் தேய்ந்து சூடேறுகின்றன. சில நூறு மீற்றர் தூரத்திற்கு இதனால் பாதகமில்லை. வெள்ளவத்தையிலிருந்து மருதானை வரையென்றால் அது வேறு விடயம். பின்சில்லுகளைத் தூக்கி இழுத்தல், அல்லது சுழல்தண்டைக் கழற்றிவிட்டு இழுத்தல், அல்லது முழுக் காரையும் கெரியரில் ஏற்றுதல் என்பனவே இதற்குரிய வழிகளாகும்.

புதிய வாகன உரிமையாளர்கள் இது தமக்குரிய பிரச்சினையல்ல என எண்ணிவிடக்கூடாது. ஓட்டோ கியர் வாகனங்களில் எண்ணெயை அனுப்பும் பம்பியை இயக்குவது இயந்திரமே. இயந்திரம் நின்றால் பம்பியும் நின்றுவிடும். எமது வீதிகளில் நிறைந்துள்ள பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் முன்சில்லுகளுடன் மின்மோட்டார் இணைந்திருப்பதால், அச்சில்லுகள் நிலத்தில் உருளும்படி இழுப்பது மின்தொகுதியையே பாதிக்கக்கூடும். நான்கு சில்லுகளுக்கும் சக்தி செல்லும் வாகனங்களைப் பொதுவாகக் கெரியரில் ஏற்றுவதே பாதுகாப்பானது. ஆகவே, மீட்பு வண்டியை அழைக்கும்போது “கார் ஒன்று நின்றுவிட்டது” என்று கூறினால் மட்டும் போதாது. அது எந்த வகைக் கார், எந்தச் சில்லுகளுக்குச் சக்தி செல்கின்றது, எவ்வகை வண்டி அனுப்பப்பட வேண்டும் என்பதையும் தெளிவாகக் கூற வேண்டும்.

அடுத்து, சட்டத்தின் நிலைப்பாடு. எமது கையிலிருந்த பற்றுச்சீட்டின் மறுபக்கத்தில், ஏற்படும் எந்தச் சேதத்திற்கும் நிறுவனம் பொறுப்பேற்காது என மிகச் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இவ்வாறான வாசகங்களைக் கண்டதும் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் பின்வாங்கி விடுகின்றனர். அது தவறாகும். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் எமது நாட்டில் நடைமுறையில் உள்ளது. கவனயீனத்தினால் ஏற்படும் பொருட்சேதத்திற்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம், நியாயமானதென நிரூபிக்கப்பட்டால் மாத்திரமே அச்சட்டத்தின் கீழ் செல்லுபடியாகும். அச்சடித்துவிட்டோம் என்பது மட்டும் நியாயமாகிவிடாது.

அந்த வாசகம் எப்போது எமது பார்வைக்கு வந்தது என்பதும் முக்கியமானது. 1970 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஷூ லேன் வாகனத் தரிப்பிட வழக்கில் வழங்கிய தீர்ப்பு இவ்விடயத்தில் பிரசித்தமானது. இயந்திரம் துப்பிய சீட்டைப் பெற்ற வேளையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டதால், பின்னர் உள்ளே சென்று காணக்கூடிய நிபந்தனைகள் வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என அங்கு தீர்மானிக்கப்பட்டது. காரைக் கொளுவித் தூக்கிய பின்னர் நீட்டப்படும் பற்றுச்சீட்டுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்துமென வாதிட இடமுண்டு. எனினும், கையொப்பம் இட்டுவிட்டால் அந்த வாதம் பலவீனமடையும். எமது தவறும் அங்குதான் இருந்தது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் பாவனையாளருக்குத் துணைநிற்கின்றது. வர்த்தக ரீதியாக வழங்கப்படும் சேவையொன்று உரிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும், ஒப்பந்தத்தில் அடங்கியுள்ளதாகவே அச்சட்டம் கொள்கின்றது. சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் காலத்தைக் கடத்திவிடுகின்றனர். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம். இதற்கப்பால், எமது நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் கவனயீனத்திற்கு நஷ்டஈடு கோரும் உரிமையும் உண்டு. வழக்குக்கு முன்னர், குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகள், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும்.

காப்புறுதியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய கார்களுக்குப் பெரும்பாலும் சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மாத்திரமே பெறப்படுகின்றது. எமது சொந்தக் காருக்கு நேரும் சேதம் அதில் அடங்காது. முழுமையான காப்புறுதி உள்ளவர்களும், இழுத்துச் செல்லும்போது நேரும் சேதம் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

எமது பிணக்கு மத்தியஸ்த சபையிலேயே தீர்ந்தது. பம்பருக்கும் கிழிந்த தகட்டுக்குமான செலவை மறுதரப்பு முழுமையாக ஏற்றது. புறப்படும் முன்னர் எமது மகன் தற்செயலாகக் கைத்தொலைபேசியில் எடுத்திருந்த புகைப்படமே அதற்குச் சான்றாயிற்று. கியர் பொக்ஸ் விடயத்தில் பாதிச் செலவே கிடைத்தது. அதில் எண்ணெய் ஏற்கனவே குறைந்திருந்ததாக எமது மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார். உண்மையை மறைத்து முழுத் தொகையையும் கோர எமக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. மறுதரப்பினரின் நிலையையும் நாம் சிந்திக்க வேண்டியிருந்தது. நள்ளிரவிலும் மழையிலும் வீதியில் நின்று உழைப்பவர்கள் அவர்கள். துருப்பிடித்த கார் ஒன்றின் ஒவ்வொரு பழைய காயத்தையும் அவர்கள் தலையில் சுமத்துவதும் அநீதியே. துரு உரிமையாளருடையது, துருவைக் கண்டும் சங்கிலியைச் சுற்றிய கவனயீனம் அவர்களுடையது. நியாயம் இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கின்றது.

ஆகவே, அந்த எல்லைக்கோட்டை முன்கூட்டியே வரைந்துகொள்வது இரு தரப்பினருக்கும் நன்மை தரும். கொளுவுவதற்கு முன்னர் காரின் நான்கு பக்கங்களையும், கொளுவிய இடத்தையும், லொறியின் இலக்கத் தகட்டையும் புகைப்படம் எடுக்க வேண்டும். ஏற்கனவே உள்ள கீறல்களையும் துருவையும் பற்றுச்சீட்டில் எழுதுவிக்க வேண்டும். கேட்ட வகை வண்டி வராவிட்டால் காத்திருப்பதே மேல். இறக்கிய பின்னர் வெளிச்சத்தில் பார்க்கும் வரை, நல்ல நிலையில் கிடைத்ததாகக் கையொப்பமிடக்கூடாது. சேதம் கண்டால், பழுதுபார்ப்பதற்கு முன்பே எழுத்தில் அறிவித்து, தொடர்பற்ற வேறொரு மெக்கானிக்கின் மதிப்பீட்டைப் பெற வேண்டும். பழுதுபார்த்து முடித்துவிட்டுச் செய்யும் முறைப்பாடு சாட்சியை அழித்துவிட்டுச் செய்யும் முறைப்பாடாகும்.

ஒருவரின் பொருளை நம்பிக் கையேற்பதைத் தமிழில் அடைக்கலம் என்கிறோம். முஸ்லிம்களின் வழக்கில் அது அமானிதம். அடைக்கலப் பொருள் புதியதா, பழையதா, விலை உயர்ந்ததா, மலிந்ததா என்பதற்கேற்ப ஏற்றவரின் கடமை மாறுவதில்லை. பழைய பொருளாயின், அதன் முதுமைக்கேற்பக் கூடுதல் கவனம் செலுத்துவதே தொழில் தெரிந்தவரின் இலட்சணமாகும். முதியவர் ஒருவரை வீதி கடக்கக் கைபிடித்து அழைத்துச் செல்பவர் அவரை இளைஞரைப் போல இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. “பழைய கார்தானே” என்ற சொல் பொறுப்பிலிருந்து விடுபடுவதற்கான காரணமல்ல; பொறுப்பு அதிகமென்பதை உணர்த்தும் எச்சரிக்கையே அது. மீட்பு வண்டிக்காரர்களும் வாகன உரிமையாளர்களும் இதனை உணர்ந்து செயற்படுவார்களாயின், நடுவீதியில் வந்து உதவுபவர் கராஜ் வாசலில் எதிர்த்தரப்பாக மாறும் நிலை தவிர்க்கப்படும்.