மரண அறிவித்தல் வாசித்த குரல்

தெஹிவளைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிக் கடற்கரைப் பக்கமாக நடந்தால், ஒரு ஒழுங்கைக்குள் பழைய தொடர்மாடி ஒன்று இருக்கிறது. அங்கே வசிக்கும் ஒரு அம்மாவைப் பார்க்க அண்மையில் போயிருந்தேன். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பல ஆண்டுகள் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பெயர் என்னத்துக்குப் பிள்ளை? சனத்துக்குக் குரலைத்தானே தெரியும்" என்றார்.

அவரைத் தேடிப் போனதற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கிய பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். வாசகிகளில் பலருக்கு இது நினைவிருக்கும். எங்கள் வீட்டில் சுற்றுவது என் வேலை. செய்தி முடிந்தாலும் அம்மா நிறுத்த விடமாட்டார். மரண அறிவித்தல் கேட்க வேண்டும். கடிதம் கிழமைக்கணக்கில் வராத காலம். யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதை அந்த அறிவித்தலில்தான் அறிந்தோம்.

1993இல் ஐயா வைத்தியத்திற்காகக் கிளாலிக் கடல் கடந்து கொழும்புக்குப் போயிருந்தார். ஒரு மாலை, சுற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊரின் பெயர் கேட்டது. பிறகு ஐயாவின் பெயர். "அன்னார்..." என்று தொடங்கி அம்மாவின் பெயர், அண்ணாவின் பெயர், என் பெயர். என் கை நின்றுவிட்டது. கை நிற்க வானொலியும் நின்றது. அம்மா அழவில்லை. "சுத்து பிள்ளை, சுத்து. எப்ப எடுக்கினம் எண்டு கேப்பம்" என்றார். நான் சுற்றினேன். கனத்தை மயானம் என்று கேட்டது. நேரம் அதற்கு முன்னரே போய்விட்டது.

வாசித்தது ஒரு பெண் குரல். இத்தனை வருடமாக அந்தக் குரலை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது.

1925 டிசெம்பரில் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1949இல் ரேடியோ சிலோன் ஆகி, 1967இல் கூட்டுத்தாபனமானது. எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களுக்குத் தமிழ்நாட்டிலும் நேயர்கள் இருந்தார்கள். பெண்களிலே 'வானொலிக் குயில்' ராஜேஸ்வரி சண்முகம், செய்தி வாசித்த சற்சொரூபவதி நாதன் ஆகியோரை மறக்க முடியாது. ராஜேஸ்வரி 2012இலும் சற்சொரூபவதி 2017இலும் காலமானார்கள். கே.எஸ்.ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். யுத்த காலத்தில் வெளிநாடு போனவர்கள் பலர். பெயர் பெற்றவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுதந்திர சதுக்கத்துக்கு பஸ் ஏறிய இந்த அம்மாவைப் போன்றவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மரண அறிவித்தல் வாசிப்பதை அங்கே யாரும் பெரிதாக நினைப்பதில்லையாம். பாட்டுப் போடத்தான் எல்லோருக்கும் ஆசை. "எனக்கு அதுதான் பயமான வேலை. பாட்டின் பெயரைப் பிழையாச் சொன்னால் சிரிப்பினம். செத்தவரின் பெயரைப் பிழையாச் சொன்னால்?" என்றார். தாளைக் கையில் எடுத்ததும் ஊர்ப் பெயர்களை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாராம். பிறகு பிள்ளைகளின் பெயர்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளும் ஊரிலே இருப்பார்கள். வரவர அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், ஜேர்மனி என்று வரத் தொடங்கியது. ஒரு குடும்பம் எப்படிச் சிதறியது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்ததாம்.

ஐயாவின் கதையைச் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் வாசிச்சனோ தெரியாது பிள்ளை. ஒருநாளைக்கு எத்தனை வாசிப்பம். நான் வாசிச்சிருந்தால் ஊரின் பெயரைச் சரியாச் சொல்லியிருப்பன்."

சரியாகத்தான் சொன்னார்கள் என்றேன்.

இன்னொன்றையும் சொன்னேன். அண்ணா 1996இல் காணாமற்போனார். அதன் பின்னும் அம்மா இறக்கும்வரை மரண அறிவித்தல் கேட்பதை விடவில்லை. மின்சாரம் வந்த பிறகும் கேட்டார். அண்ணாவின் பெயர் வந்துவிடுமோ என்று பயம். அப்படி ஒரு அறிவித்தலைக் கொடுக்க வேண்டியவர் தானே என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேட்டார். உங்களில் சிலருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து பிளேன் ரீ ஊற்றினார்.

புறப்படும்போது, அவருடைய ஒலிப்பதிவு ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். ஒன்றுமில்லை. ஒலிபரப்பானதோடு சரி. நேயர்கள் யாராவது கசெற்றில் பிடித்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். "உங்கட வீட்டில இருந்ததோ?" என்று என்னைக் கேட்டார்.

இருந்தது. இசையும் கதையும், நாடகம் என்று ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய இருந்தது. 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு விட்டுவிட்டு வந்தோம். யாராவது வாசகியிடம் அப்படி ஒரு பெட்டி மிஞ்சியிருந்தால் சஞ்சிகைக்கு எழுதுங்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.